பெயரும் அம்மாவுக்கு! புகையும் அம்மாவுக்கு!

திருச்சி பாலக்கரையில் ஒரு லாரி கரும்புகையைக் கக்கிக்கொண்டு போகிறது. சாலையில் போகிற அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். "இதைக் கேட்பார் இல்லையா?" என்று திட்டுகிறார்கள். கிராமத்திலிருந்து காய்கறி விற்க வந்த தாயும் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறாள்.

சாயங்காலம் அவள் வீடு திரும்புகிறாள். விறகு அடுப்பை மூட்டுகிறாள். ஊதுகுழலால் ஊதுகிறாள். ஜன்னல் இல்லாத சமையல் அறை. சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர் எல்லாம் ஆகும் வரை புகையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். மடியில் குழந்தை. அந்தப் புகையைத் திட்ட ஒருவரும் இல்லை!

லாரிப் புகை காற்றோடு போய்விடும். அடுப்புப் புகை வீட்டுக்குள்ளேயே தங்கும். எது அதிகக் கேடு?

32 லட்சம் உயிர்கள்

விறகும் வறட்டியும் எரியும்போது வரும் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூள் இருக்கிறது. தலைமயிரின் பருமனில் 20-ல் ஒரு பங்குகூட இராது. அது நுரையீரலின் அடி வரை போய்விடுகிறது. தீராத இருமல், மூச்சுத்திணறல், மாரடைப்பு, பக்கவாதம், கண்புரை, குழந்தைகளுக்கு நிமோனியா - இத்தனைக்கும் அது காரணமாகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையால் இறந்தவர்கள் 32 லட்சம் பேர். அவர்களில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் 5 வயது ஆகாத பிஞ்சுகள்!

அடுப்பு வந்தது

புகையை ஒழிக்க முயற்சி நடக்காமல் இல்லை. ஐதராபாத் என்ஜினீயர் எஸ்.பி.ராஜு, புகைபோக்கி வைத்த மண் அடுப்பைப் பற்றி 1953-ல் புத்தகமே வெளியிட்டார். 1980-களில் மத்திய அரசு ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு கொடுத்தது. பல அடுப்புகள் விரிசல் விட்டன. புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டது. பழைய அடுப்பே திரும்ப வந்தது.

பிறகு கேஸ் அடுப்பு வந்தது. 2007-ல் தமிழக அரசு ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. அதில் இணைப்பு பெண்ணின் பெயரில்தான் கொடுக்கப்படும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் பல வீடுகளில் நடப்பது என்ன? விருந்தாளி வந்தால் காபி போடத்தான் கேஸ். சோறு வடிக்கவும் வெந்நீர் வைக்கவும் விறகு. சிலிண்டர் தீர்ந்தால் மூலையில் கிடக்கிறது. இணைப்பு அவள் பெயரில். பணம் அவள் கையில் இல்லை!

எது இலவசம்?

"விறகு சும்மா கிடைக்கிறதே" என்பார்கள். சுள்ளி பொறுக்கும் நேரத்துக்குக் கூலி இல்லையா? டாக்டருக்கும் மருந்துக்கும் கொடுப்பது செலவு இல்லையா? அந்தச் செலவை எந்த வீட்டிலும் அடுப்புக் கணக்கில் எழுதுவதில்லை.

ஏழைக் குடும்பம் சிலிண்டருக்கு முழு விலையையும் முதலில் கொடுத்தாக வேண்டும். மானியம் பிறகுதான் பாங்கியில் சேருகிறது. கையில் காசு இல்லாதவர் என்ன செய்வார்? வாங்கும்போதே மானியத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். 5 கிலோ சிறு சிலிண்டர் கிராமத்திலேயே கிடைக்க வேண்டும். இது அரசின் கடமை.

வீட்டு ஆண்களுக்கும் கடமை உண்டு. தீபாவளிச் சீட்டுக்கு ஒதுக்குவதுபோல் சிலிண்டருக்கும் தினம் கொஞ்சம் ஒதுக்கலாம். விறகு தவிர வழியில்லை என்றால், அடுப்பை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றலாம். குழந்தையைத் தள்ளி வைக்கலாம். குளிக்கிற தண்ணீரை வெயிலில் வைத்தாலே வெதுவெதுப்பாகும்.

லாரிப் புகையைக் கண்டு கோபப்படுகிறவர்கள், ஒரு நாள் தங்கள் வீட்டு அடுப்பங்கரையிலும் உட்கார்ந்து பார்க்கட்டும். அடுத்த சிலிண்டர் தானாக வந்து சேரும்!