சூளைக்குப் போவது தையில், முடிவானது ஐப்பசியில்!



பொங்கல் முடிஞ்சதும் நம்ம தெருவில் பூட்டுத் தொங்குகிற வீடுகளைப் பார்க்கிறோம். புருஷனும் பெண்டாட்டியும் திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கம் செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க. "சும்மா கிடக்கிற காலத்தில் நாலு காசு பார்க்கிறாங்க, நல்லதுதானே" என்கிறார்கள். விரும்பிப் போறவனை யார் தடுப்பது? ஆனால் இந்த முடிவு தையில் எடுத்தது இல்லை. ஐப்பசியிலேயே எடுத்தாச்சு.

மானாவாரிக்காரனுக்கு இது தெரியும். புரட்டாசியில் மக்காச்சோளம் ஊன்றுகிறோம். ஐப்பசியில் மேலுரம் போடணும், களை எடுக்கணும், கூடவே தீபாவளி. கையில் காசு இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கெடு தவறாமல் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி கிடையாது, வாஸ்தவம்தான். அதற்கு சிட்டா, அடங்கல் வேணும். குத்தகைக்காரன் எங்கே போவான்? அப்போதுதான் மேஸ்திரி வாசலில் வந்து நிற்கிறார். ஐம்பதாயிரமோ எழுபதாயிரமோ, கேட்ட அன்றைக்கே அட்வான்ஸ். தன் கொல்லைக்கு உரம் வாங்க, ஆறு மாத உழைப்பை அடுத்தவன் சூளைக்கு எழுதிக் கொடுக்கிறான். விளைந்தாலாவது கடனைத் திருப்பலாம். 2018ல் படைப்புழு விழுந்த மாதிரி ஆனால் அதுவும் போச்சு.

"வீட்டில் கலந்து பேசித்தான் போறோம்" என்று சொல்வார்கள். பேச என்ன இருக்கு? சூளையில் ஜோடியாகத்தான் கேட்கிறான், அதனால் பொம்பளையும் போயாகணும். மாட்டை யாரிடம் விடுவது, பிள்ளையை யாரிடம் விடுவது, இதுதான் பேச்சு. அப்பாயி தெம்பா இருந்தால் பிள்ளை முழுப் பரீட்சை எழுதும். இல்லைன்னா சூளையில் கல் திருப்பும்.

அட்வான்ஸைக் காட்டி ஆளை வெளியே விடாமல் வேலை வாங்குவது கொத்தடிமை. 1976ஆம் வருஷச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. இது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்று, நம்ம ஆட்களுக்கே கசக்கும். நூறு நாள் வேலையால்தான் களை எடுக்க ஆள் கிடைக்கலை என்று சங்கக் கூட்டத்திலேயே பேசுகிறோம். மாசியில் நமக்கு ஏது களை? அந்த வேலையை நம்பித்தான் பல குடும்பம் அட்வான்ஸ் வாங்காமல் ஊரில் தங்குது. 2025-26க்கு நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் ஒழுங்காகக் கொடுத்தால் 33,600. எங்கே கொடுத்தார்கள்?

2005ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 125 நாள் என்கிறது. கூடவே, விதைப்பு, அறுப்பு சமயத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கலாம் என்கிறது. எந்த 60 நாள் என்பதை மாநில அரசு அறிவிக்கணும். காவிரிப் பாசனத்துச் சம்பா அறுப்பைக் கணக்கில் வைத்து தை, மாசியை நிறுத்தினால், கீழப்பழுவூர்ப் பக்கத்து மானாவாரிக்காரன் கதி என்ன? நமக்கு வேலையே இல்லாத மாதம் அதுதான்!

வருகிற கிராமசபையில் மூன்றைத் தீர்மானமாக எழுத வைப்போம். மானாவாரி ஊர்களில் மாசி முதல் வைகாசி வரை வேலையை நிறுத்தக் கூடாது. குத்தகைக்காரனுக்கும் புரட்டாசிக்குள் பயிர்க்கடன் கொடுக்கணும். சூளைக்குப் போகிற குடும்பத்தின் பெயர், போகிற இடம், கூட்டிப் போகிற மேஸ்திரி பெயர் ஊராட்சியில் பதிவாகணும். எழுத மறுத்தால் கூட்டத்தை விட்டு எழுந்திருக்க வேண்டாம். பெண்களையும் அழைத்து வாருங்கள். சூளைக் கணக்கு அவர்களுக்குத்தான் மனப்பாடம்.