தவக்காலமும் கோதுமை ரொட்டியும்

தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய வாரம் எமது விடுதி அறிவித்தற் பலகையில் துண்டறிக்கையொன்று ஒட்டப்பட்டிருந்தது. சோறு, பாண், ரொட்டி, கிழங்கு முதலாய மாப்பொருள் உணவுகளை நாற்பது நாள் துறந்து, இலகுவான உணவை உண்டு, உடலையும் ஆன்மாவையும் தூய்மை செய்வோம் என்பது அதன் சாரம். மிக விரும்பும் உணவையே துறத்தல் வேண்டுமெனவும் அது வற்புறுத்தியது. பின்னர் ஹற்றனுக்கு அண்மையிலுள்ள எங்கள் தோட்டத்துக்குச் சென்றபோது, அதே அழைப்பைக் கோயிற் பிரசங்கமாகவும் கேட்டேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த என் தாயார் ஆமோதித்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார். இக்கட்டுரை அத்தலையசைப்புக்கு எதிராக எழுதப்படுவது.

அவர் உண்பது யாது? பிரட்டுக்களத்துக்குப் போகுமுன் சாயத்தண்ணீரும் ரொட்டியில் ஒரு பாதியும். நண்பகலில் மற்றப் பாதியும் சம்பலும். இரவிற் சோறு, வாய்த்தாற் பருப்போ கீரையோ. இவ்வுணவோடுதான் கூடை சுமந்து மலையேறுகிறார். கொழுந்தின் நிறை குறித்த அளவை எட்டாவிடின் முழுப்பேர் இல்லை, அரைப்பேரே. இதிலிருந்து மாப்பொருளை நீக்கினால் எஞ்சுவன சாயத்தண்ணீரும் சம்பலும். அதனை 'இலகுவான உணவு' என்பதற்குப் பெருந்துணிவு வேண்டும்.

விரும்பும் உணவாம்! எவர் விரும்பியது? தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த எம் முன்னோர் கோதுமையை உண்டு வளர்ந்தவரல்லர். 1942இல் பர்மா யப்பானியர் வசமாயிற்று, அரிசி வரவு அறுந்தது, பங்கீடு புகுந்தது, அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பத் தொடங்கிற்று. எம் நாவுக்கு ரொட்டியைத் தெரிவுசெய்து தந்தது பங்கீட்டுப் புத்தகமேயாகும்.

துறத்தலையும் மலையகம் பிரசங்கத்திலிருந்து கற்கவேண்டியதில்லை. 1973, 74ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையிற் தானிய விலை ஏறி, அரசு பங்கீட்டைக் குறைத்தபோது, கிராமத்தவர் பலருக்குச் சிறு காணியேனும் இருந்தது. லயத்தில் வாழ்ந்தவருக்கு மரவள்ளி நடுவதற்கும் போதிய நிலமில்லை. தோட்டங்களில் இறப்பு வீதம் சடுதியாக உயர்ந்தது. பசி தாளாது நகர வீதிகளிற் கையேந்தியோர் பலர். என் பாட்டி அக்காலத்தைப் 'பஞ்சம்' என்று ஒரே சொல்லாற் குறிப்பிட்டுவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிவிடுவார்.

2022இலும் அது வேறுருவில் வந்தது. 2021இல் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1000 ரூபாய். மறு ஆண்டின் நெருக்கடியில் ஒரு கிலோ கோதுமை மாவின் விலை 400 ரூபாய்வரை ஏறிற்று. முழுப்பேர் பெற்றவளின் ஒருநாள் உழைப்பு இரண்டரைக் கிலோ மா! எங்கள் வீட்டில் ரொட்டி மெலிந்தது. அம்மாவின் பங்கு அதனினும் மெலிந்தது. தவக்காலம் முடிந்த பின்னும் மாதக்கணக்கில் நீண்ட அந்த நோன்பை எந்தப் பிரசங்கியும் கணக்கிலெடுத்ததாக நான் அறியேன்.

திருச்சபையின் சட்டங்கூட இத்துணைக் கடுமையானதன்று. கட்டாய நோன்பு திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியுமாகிய இரு நாட்களுக்கே. அதற்கும் மேலாக, 1966 பெப்ரவரியில் பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட 'பெனித்தேமினி' என்னும் ஆவணம், வளம் மிக்க நாட்டவர் ஒறுத்தலாற் சான்று பகரவேண்டுமென்றும், வாழ்க்கைத்தரம் தாழ்ந்த நாட்டவர் சமூகநீதிக்காக முயன்றவாறே தம் துன்பத்தை மன்றாட்டில் ஒப்புக்கொடுப்பது சிறந்ததென்றும் வேறுபடுத்தி உரைக்கின்றது. உரோமாபுரிக்குத் தெரிந்த வேறுபாடு, தேயிலை மலைகளைத் தினமும் காண்போர் கண்ணிற் படாமற் போனது விந்தையே.

மருத்துவபீட நண்பர் குறுக்கிடுவார்: நீரிழிவு பெருகிவரும் நாட்டில் மாப்பொருளைக் குறைப்பது நன்றல்லவா? நன்றுதான், தோட்டத்து உணவில் மா மிகையென்பதையும் மறுக்கேன். ஆயின், குறைத்த இடத்தில் எதனை வைப்பது? முட்டையா, மீனா, பயறா? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமற்றவர். நாடு முழுவதற்கும் இது ஏறத்தாழ ஆறில் ஒருவரே. இக்குறையைத் தீர்க்கவேண்டியது சம்பளமும் நிலமுமாகும். சம்பளத்தைப் பற்றி வாய் திறவாது ரொட்டியைப் பற்றி மட்டும் பேசுபவர் மருத்துவரேயாயினும் சுவாமியாரேயாயினும் பாதி நோயையே கண்டவராவர்.

விடுதியில் மூன்று கறிகளுக்கிடையே ஒரு கரண்டிச் சோற்றைக் குறைப்பவர் குறைக்கட்டும். அவருக்கு அது நோன்பாகலாம். ஏசாயா 58ஆம் அதிகாரத்தையும் அவர் ஒருமுறை புரட்டுவாராக. பசித்தவனோடு உணவைப் பகிர்வதே அங்கு நோன்பெனப்படுகிறது. பசித்தவனை மேலும் பசித்திருக்கச் சொல்லும் வாக்கியம் அதில் இல்லை.

அவ்விடுமுறையின் இறுதி வெள்ளியன்று அம்மா மலையிலிருந்து வெகு நேரம் தாழ்த்தித் திரும்பினார். காலையிற் கட்டிவைத்த ரொட்டி அடுப்படியிலேயே இருந்தது. ஏனென்று கேட்டேன்.

"சாமி சொன்னாரில்ல மகன், வெள்ளிக்கெழமைக்காவது விட்டுருவோம்னு விட்டுட்டேன்" என்றார்.

அன்று அவருக்குக் கிடைத்தது அரைப்பேர்.