மையத்தை மனப்பாடம் செய்யலாமா?

கணிப்பொறித் திரையில் ஒரு சாளரம் திறந்திருக்கிறது. அதன் நட்டநடுவில் ஒரு செவ்வகம் வரைய வேண்டும். எளிய வேலைதான். ஆனால், ஒரு மாணவர் நிரல் எழுதக் கற்றிருக்கிறாரா, விடையை மட்டும் ஒப்பிக்கிறாரா என்பதை இந்தச் சிறு வேலையே காட்டிக்கொடுத்துவிடும் என்பது என் கருத்து.

முதலில் திரையின் கணக்கைப் பார்ப்போம். வரைபடத்தாளில் மேலே செல்லச் செல்ல ஒய் மதிப்பு கூடும். பைத்தான் மொழியின் டிகேஇன்டர் போன்ற வரைகருவிகளிலோ, ஆதிப்புள்ளி இடது மேல் மூலையில் இருக்கிறது. கீழே இறங்க இறங்க ஒய் மதிப்பு கூடுகிறது. ஏன் இப்படித் தலைகீழாக? பழைய படக்குழாய்களில் எலக்ட்ரான் கற்றை மேல் வரியில் தொடங்கி, இடமிருந்து வலமாக, வரி வரியாகக் கீழே இறங்கிப் படத்தை உருவாக்கியது. குழாய்கள் மறைந்தன, வழக்கம் நிலைத்துவிட்டது.

வரையும் பரப்பின் அகலம் 800 புள்ளிகள், உயரம் 600 என்று கொள்வோம். செவ்வகம் 200 அகலம், 100 உயரம். பரப்பின் மையம் (400, 300). அங்கேயே வரையத் தொடங்கினால், செவ்வகத்தின் மூலைதான் மையத்தில் நிற்கும். உருவம் வலப்புறமும் கீழ்ப்புறமும் ஒதுங்கிவிடும். 800இல் 200 போக மீதி 600. அதில் பாதி 300 இடப்பக்கம். 600இல் 100 போக மீதி 500. அதில் பாதி 250 மேற்பக்கம். ஆகவே தொடங்க வேண்டிய இடம் (300, 250).

ஒரு மாணவர் இந்த இரண்டு எண்களையும் நிரலில் அப்படியே எழுதுகிறார். இன்னொருவர், 'பரப்பின் அகலத்தில் உருவத்தின் அகலத்தைக் கழித்து இரண்டால் வகு' என்று எழுதி, உயரத்துக்கும் அவ்வாறே செய்து, அளவு மாறும்போதெல்லாம் மீண்டும் வரையச் சொல்கிறார். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சாளரத்தை இழுத்து, பரப்பை 1000க்கு 700 ஆக்குங்கள். முதல் செவ்வகம் பழைய இடத்திலேயே நின்றுவிடும். இரண்டாவது (400, 300)க்கு நகர்ந்து மீண்டும் நடுவில் நிற்கும். எனவே, செய்முறைத் தேர்வில் ஆசிரியர்கள் படத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் இடக்கூடாது. சாளரத்தின் மூலையைப் பிடித்து இழுத்தும் பார்க்க வேண்டும்.

'தானாகவே நடுவில் வைக்கும் கட்டளைகள் இருக்கும்போது, இந்தக் கணக்கு எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். வட்டத்துக்குள் ஒரு சமபக்க முக்கோணத்தை வைத்துப் பாருங்கள். பக்கம் 200 என்றால் உயரம் சுமார் 173. அத்தகைய கட்டளைகள் பெரும்பாலும் உருவத்தைச் சுற்றியுள்ள கற்பனைச் செவ்வகத்தைத்தான் நடுவில் வைக்கும். அப்போது மேல் முனை வட்ட மையத்திலிருந்து 87 புள்ளி தொலைவிலும், அடி முனைகள் 132 புள்ளி தொலைவிலும் இருக்கும். முக்கோணம் கீழே சரிந்ததுபோல் தோன்றும். அடிப்பக்கத்திலிருந்து உயரத்தில் மூன்றிலொரு பங்கில் உள்ள நடுக்கோட்டு மையத்தை வட்ட மையத்தில் வைத்தால், மூன்று முனைகளும் சுமார் 115 புள்ளி தொலைவில் சமமாக அமையும். எது 'நடு' என்று தீர்மானிப்பது கட்டளையின் வேலையன்று, நம்முடைய வேலை.

வடிவியல் பாடத்தில் படித்த நடுக்கோட்டு மையம் எங்கே பயன்படும் என்று கேட்கும் மாணவர்களே, இதோ ஓர் இடம்! தாளில் முதலில் வரைந்து பாருங்கள். அளவுகளுக்கு எண்ணுக்குப் பதில் எழுத்தை இடுங்கள். பிறகு நிரலை எழுதுங்கள். எழுதி முடித்ததும் சாளரத்தை இழுத்துப் பார்க்க மறவாதீர்கள்.