ஊர் என்பது யார்?

தாமிரபரணிக் கரையில் வாழ்ந்த நம் முன்னோர் தங்கள் சரித்திரத்தை ஊர்ப் பெயர்களிலேயே எழுதி வைத்துச் சென்றனர். அம்பாசமுத்திரத்தில் பெருங்குளத்தைக் குறிக்கும் சமுத்திரம் இருக்கிறது; பத்தமடையில் மடை இருக்கிறது; சீவலப்பேரியில் ஸ்ரீவல்லபன் பெயரால் அமைந்த பேரேரி இருக்கிறது. மங்கலம் என்றால் அந்தணர்க்கு அளித்த குடியிருப்பு. பட்டினம் என்றால் கடல் வாணிகம் நடக்கும் துறை. இப்பெயர்களை ஆராய்ந்து 1946-இல் ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் நூலை வெளியிட்ட ரா. பி. சேதுப்பிள்ளையும் இப்பள்ளத்தாக்கின் இராசவல்லிபுரத்தில் பிறந்தவரே.

ஆயினும், இவ்வளவு பெயர்களுக்கும் தாயான ‘ஊர்’ என்னும் சொல் யாரைக் குறிக்கிறது என்ற கேள்வியை நாம் இன்னும் நேர்நின்று கேட்கவில்லை.

பழங்காலக் கல்வெட்டுக்களில் ஊர் என்பது வெறும் இடத்தின் பெயரன்று. கூடி முடிவு செய்யும் மன்றத்தின் பெயருமாகும். வேளாண் குடிகளின் மன்றம் ஊர். அந்தணர் மன்றம் சபை. வணிகர் மன்றம் நகரம். சுமார் கி.பி. 800-ஐ ஒட்டிய மானூர்க் கல்வெட்டு, சபையில் அமரத் தக்கவர் யார் என்பதை விதித்திருக்கிறது. உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கு ஒரு நூற்றாண்டு முற்பட்ட இச்சாசனம் நம் ஜில்லாவின் பெருமை என்பதில் ஐயமில்லை. ஆனால், நிலப்பங்கும் வேதக் கல்வியும் உடையவரே அச்சபையில் அமரலாம். அந்நிலத்தில் உழுது நட்டவனுக்கு அங்கே இடமில்லை. பெருமையைக் கூறுவோர் இதையும் சேர்த்தே கூறக் கடமைப்பட்டவர்கள்.

‘சேரி’ என்ற சொல்லின் கதையையும் நோக்குவோம். சேர்ந்து வாழும் இடம் சேரி. உத்தரமேரூரில் அந்தணர் வாழ்ந்த பகுதிகளும் சேரிகள் என்றே அழைக்கப்பட்டன. அதே சோழர் காலத்தில், இராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுக்கள் ஊர்நத்தத்தை ஒரு புறமும் பறைச்சேரியை மற்றொரு புறமும் தனித்தனியே கணக்கிடுகின்றன. எனவே, இந்தப் பிளவை அந்நியர் தலையில் சுமத்தித் தப்பிக்க நமக்கு வழியில்லை. நாளடைவில் உயர்ந்தோர் தெருக்கள் அச்சொல்லை உதறிவிட்டன. ஒதுக்கப்பட்டோர் தலையில் மட்டும் அது வசையாக நின்றுவிட்டது.

பிறகு ‘காலனி’ வந்தது. உரோமர்களுக்கு அது குடியேற்றம் என்ற கௌரவமான சொல். ஜெர்மனியின் கொலோன் மாநகரம் இன்றும் அதையே பெயராகத் தாங்கி நிற்கிறது. நம் கிராமங்களிலோ சேரிக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேர்ந்தது. அச்சொல்லை அரசாங்க ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால், இத்துடன் வேலை முடிந்துவிட்டதென்று யாரும் எண்ண வேண்டாம். நல்ல சொல்லையும் இழிசொல்லாக்கும் நோய் மனிதர் மனத்திலிருக்கையில், நாளை ‘நகர்’ என்று மாற்றினாலும் அந்த நகரும் வசையாகிவிடும்.

நோயின் வேர் எங்கே? ‘ஊரும் காலனியும்’ என்று நாம் கூறும் அந்த ‘உம்’மில் இருக்கிறது. காலனி ஊரில் சேராது என்பதே அதன் பொருள். 1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இதற்கு மாறான தீர்ப்பை அளித்துவிட்டது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். மானூர்ச் சபையின் கதவு ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்குப் பின் எல்லாருக்கும் திறந்தது. திறந்த கதவின் வழியே நுழைந்தவர்கள் அதற்கு விலையும் கொடுத்தார்கள். மானூருக்கு வெகு தூரமில்லாத தாழையூத்தில், பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஊராட்சித் தலைவி 2011-இல் அரிவாளால் வெட்டப்பட்டு உயிர் தப்பினார். சட்டம் ஊரை விரித்தது. சிலருடைய மனத்தில் அது இன்னும் குறுகியே கிடக்கிறது.

நாம் வேண்டுவது இதுதான். புதிய பெயர் மேலிருந்து இறங்க வேண்டாம்; அங்கு வாழ்வோரே தேர்ந்து கிராம சபையில் நிறைவேற்றட்டும். அச்சபை ஆண்டில் ஒருமுறையேனும் அவர்கள் தெருவில் கூடட்டும். குழாய் நீரும் சாலையும் சுடுகாட்டுப் பாதையும் இரு பக்கத்துக்கும் ஒரே தரத்தில் அமையட்டும். ‘ஊர்க்கூட்டம்’ என்று தண்டோராப் போட்டால் ஒவ்வொரு வாசலிலும் அது கேட்கட்டும்.

ஒரு தெரு விடுபட்டாலும் அது ஊராகாது, பாதி ஊரே. தேசத் தொண்டர்கள் தத்தம் கிராமத்தில் இக்கணக்கை முதலில் எடுப்பார்களாக!