ஷோகேஸ் லெகோவில் தூசியா?

குழந்தைகள் நாள்கணக்கில் உட்கார்ந்து கட்டிய லெகோ கோட்டையை ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்தால், தூசியோடு சின்னச் சின்ன பாகங்களும் கழன்று வந்துவிடும். வாரம் ஒருமுறை மென்மையான மேக்கப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டாலே போதும். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் உண்டாகி, தூசி இன்னும் ஒட்டும்.

எண்ணெய்ப் பிசுக்கு படிந்துவிட்டதா? பாகங்களைப் பிரித்து, 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையால் கழுவி, நிழலில் உலர்த்தலாம். வாஷிங் மெஷின், ஹேர் டிரையர் வேண்டாம். சூட்டில் வடிவம் மாறினால் பாகங்கள் பொருந்தாது. ஸ்டிக்கர், மோட்டார், லைட் உள்ளவற்றை நனைக்கக் கூடாது.

பிரிக்கும் முன் குழந்தையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். திரும்பக் கட்டத் தெரிந்தது அவர்களுக்குத்தான்!