ஊரில் சீதன வீடு, கனடாவில் முதல் வீடு: வரிச்சலுகை யாருக்கு?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் முதல் தடவையாக வீடு வாங்குபவர் வரிச்சலுகை கேட்கும்போது ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். உலகின் எந்த மூலையிலும், எந்தக் காலத்திலும், தனக்குச் சொந்தமாக ஒரு வீடோ ஒரு வீட்டில் பங்கோ இருந்ததில்லை என்பதே அது. கனடாவில் பிறந்து வளர்ந்த ஒருவர் இதை யோசிக்காமலே சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ பிறந்து, திருமணத்தின்போது பெற்றோரிடமிருந்து சீதன உறுதி பெற்றுக்கொண்டு விமானம் ஏறிய பெண்ணுக்கு அது அவ்வளவு எளிதானதல்ல.

இலங்கைக்கு வெளியே மிக அதிகமான ஈழத்தமிழர்கள் வாழும் இடங்களில் ரொறன்ரோ பெரும்பாகம் முக்கியமானது. அங்கே வீடு வாங்குவது பற்றிய பேச்சில் வீட்டு விலையும் வங்கி வட்டியும் அடிபடும் அளவுக்கு, ‘முதல் வீடு’ என்பதற்குச் சட்டம் கொடுக்கும் பொருள் பேசப்படுவதில்லை. அந்தப் பொருள் ஒன்றல்ல. மத்திய அரசுக்கு ஒன்று, ஒன்ராறியோ மாகாணத்துக்கும் ரொறன்ரோ மாநகரத்துக்கும் வேறொன்று. இந்த வேறுபாட்டினால் ஒரு குடும்பம் எட்டாயிரம் டொலருக்கு மேல் இழக்கலாம். அந்த இழப்பைத் தீர்மானிக்கும் ஆவணம் பல நேரங்களில் யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசின் மேசையில் எழுதப்பட்டதாக இருக்கும் என்பதால்தான், இது இங்குள்ள பெற்றோருக்கும் உரிய விடயம் என்று நினைக்கிறேன்.

மத்திய அரசின் ஐந்து ஆண்டுக் கணக்கு

முதலில் மத்திய அரசின் வீடு வாங்குநர் வரிச்சலுகையைப் பார்ப்போம். 2009 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இது அறிமுகமானது. 5,000 டொலர் தொகைக்கு 15 வீதம் என்ற கணக்கில் அப்போது 750 டொலர் வரி குறைந்தது. 2022 இல் அந்தத் தொகை 10,000 டொலராக இரட்டிப்பாக்கப்பட்டதால் சலுகை 1,500 டொலரானது. சலுகை அடிமட்ட வருமான வரி வீதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்த வீதம் 2025 இல் 14.5 ஆகவும் 2026 இலிருந்து 14 ஆகவும் குறைக்கப்பட்டபோது, பெரும்பாலானவர்களுக்குச் சலுகையும் 1,450, 1,400 என இறங்கியது.

இதைப் பெற என்ன தகுதி வேண்டும்? வீடு கனடாவில் இருக்க வேண்டும். வாங்குபவரின் பெயரிலோ துணைவரின் பெயரிலோ பதிவாகியிருக்க வேண்டும். ஓராண்டுக்குள் அதில் குடியேறும் எண்ணம் இருக்க வேண்டும். வாடகைக்கு விடுவதற்காக வாங்கும் வீட்டுக்கு இது கிடையாது. முக்கியமான நிபந்தனை இனித்தான் வருகிறது. வீடு வாங்கும் ஆண்டிலும் அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளிலும், வாங்குபவர் தனக்கோ தன் துணைவருக்கோ சொந்தமான வேறொரு வீட்டில் வசித்திருக்கக்கூடாது.

இங்கே சட்டம் இரண்டு விடயங்களைச் சேர்த்துக் கேட்கிறது. வீடு சொந்தமாக இருந்ததா? அதில் வசித்தீர்களா? ஊரில் சீதன வீடு இருந்தாலும், பத்து ஆண்டுகளாக ஸ்காபரோவில் வாடகைக்கு இருக்கும் ஒருவர் மத்திய அரசின் பார்வையில் முதல் வீடு வாங்குபவரே. ஊரில் பெற்றோரின் பெயரில் இருந்த வீட்டில் வளர்ந்ததும் தடையல்ல, ஏனென்றால் அது அவருடைய வீடல்ல.

புதிதாகக் குடியேறியவர்கள் மட்டும் ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் சொந்த வீட்டில் 2023 டிசம்பர் வரை வாழ்ந்துவிட்டு கனடா போன ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். அவர்கள் 2026 இல் வீடு வாங்கினால் சலுகை இல்லை. 2028 இல் வாங்கினால் உண்டு. அந்த ஆண்டிலும் முந்திய நான்கு ஆண்டுகளிலும் அவர்கள் சொந்த வீட்டில் வசிக்கவில்லை என்று அப்போதுதான் சொல்ல முடியும். மாற்றுத்திறனாளிகளுக்கான வரிச்சலுகைக்குத் தகுதியுள்ளவர், தன் தேவைக்குப் பொருத்தமான வீட்டை வாங்கும்போது இந்த ஐந்து ஆண்டு நிபந்தனை பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது கையில் தரப்படும் பணமல்ல. செலுத்த வேண்டிய வரியைக் குறைக்கும், அவ்வளவுதான். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத ஆண்டில் வீடு வாங்கியவருக்குப் பயன் இராது. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து வாங்கினால், வரி கட்டுபவர் யாரோ அவர் முழுவதையும் கோரலாம், அல்லது இருவரும் பிரித்துக்கொள்ளலாம். இருவருக்கும் சேர்த்து உச்சத் தொகை ஒன்றுதான்.

‘உலகின் எந்தப் பகுதியிலும், எந்தக் காலத்திலும்’

பெரிய பணம் இருப்பது மத்திய அரசின் சலுகையில் அல்ல, நில உரிமை மாற்று வரியில்தான். ஒன்ராறியோவில் வீடு கைமாறும்போது மாகாணம் ஒரு வரி அறவிடுகிறது. ரொறன்ரோ நகர எல்லைக்குள் என்றால் மாநகரமும் ஏறக்குறைய அதே அளவு இன்னொரு வரியை அறவிடுகிறது. 9 இலட்சம் டொலர் பெறுமதியான வீட்டுக்கு மாகாண வரி 14,475 டொலர், மாநகர வரியும் 14,475 டொலர். இரண்டும் சேர்ந்து 28,950 டொலர். வங்கிக் கடனில் இதைச் சேர்த்துவிட முடியாது. உரிமை கைமாறும் நாளில் ரொக்கமாக வேண்டும்.

முதல் வீடு வாங்குபவருக்கு மாகாணம் 4,000 டொலர் வரையும், மாநகரம் 4,475 டொலர் வரையும் திருப்பிக் கொடுக்கின்றன. மொத்தம் 8,475 டொலர். மத்திய சலுகையைவிட இது ஐந்து மடங்குக்கும் அதிகம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒன்பது மாதங்களுக்குள் அந்த வீட்டில் குடியேற வேண்டும். 2017 இலிருந்து கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களுக்கே மாகாணச் சலுகை உண்டு. விண்ணப்பிக்கப் பதிவு நாளிலிருந்து 18 மாதங்கள் அவகாசம்.

இவற்றோடு, நான் தொடக்கத்தில் சொன்ன நிபந்தனையும் இருக்கிறது. உலகில் எங்கும், எப்போதும், வீடோ வீட்டில் பங்கோ இருந்திருக்கக்கூடாது. இங்கே ஐந்து ஆண்டுக் கணக்கு கிடையாது. வசித்தீர்களா என்ற கேள்வியும் இல்லை. அந்த வீட்டை விற்றுவிட்டாலும், தங்கைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாலும், ‘எப்போதும்’ என்ற சொல் விடாது. துணைவர் பற்றியும் ஒரு விதி உண்டு. உங்கள் துணைவர், உங்களுக்குத் துணைவராக இருந்த காலத்தில், உலகில் எங்கேனும் வீடு வைத்திருந்தால் உங்களுக்கும் சலுகை இல்லை.

தேசவழமை இந்த விதியைச் சந்திக்கும் இடம்

ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம் வடமாகாணத் தமிழர்களின் சொத்துரிமையை இன்றும் ஆள்கிறது. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்ற பாகுபாடு அதிலிருந்து வந்ததே. மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்ட வீடு அவளுடைய தனிச் சொத்து. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும் அதை உறுதிப்படுத்துகிறது. அதே சட்டம், அந்த அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவள் கைமாற்ற முடியாது என்றும் சொல்கிறது.

இப்போது இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கோண்டாவிலில் ஒரு வீடு மகள் பெயரில் எழுதப்படுகிறது. பெற்றோர் சீவிய உருத்து வைத்துக்கொண்டு அதிலேயே இருக்கிறார்கள். மகள் கனடா போகிறாள். அந்த வீட்டில் அவள் ஒருநாளும் குடும்பம் நடத்தியதில்லை, ஒரு ரூபாய் வாடகை பெற்றதில்லை, கணவனின் ஒப்பமில்லாமல் விற்கவும் முடியாது. ஆனாலும் உறுதியில் அவள் பெயர் இருக்கிறது. ஒன்ராறியோவைப் பொறுத்தவரை அவள் முதல் வீடு வாங்குபவள் அல்ல. திருமணமான பின்னும் வீடு அவள் பெயரில் இருந்ததால், துணைவர் விதியின்படி கணவனும் அல்ல. வாழ்நாளில் ஒரு வீட்டுக்கும் சொந்தக்காரராக இருந்திராத மனிதர், மனைவியின் சீதனத்தால் தகுதி இழக்கிறார்.

அண்ணன்மாருக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆண்பிள்ளைகளுக்கு வீடு எழுதிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே அவ்வளவாக இல்லை. பெண்ணுக்குச் சொத்து கொடுத்ததாக நாம் பெருமைப்படும் ஒரு மரபு, இன்னொரு நாட்டில் பெண்ணின் பெயருக்கு எதிரான பதிவாகிவிடுகிறது.

வாரிசுரிமையும் அப்படித்தான். உயில் எழுதாமல் பெற்றோர் இறந்தால், இலங்கைச் சட்டப்படி பிள்ளைகளுக்கு உரிமை பிரிபடாத பங்காக வந்து சேர்கிறது. புதிய உறுதி முடிக்கப்படாவிட்டாலும் பங்கு பங்குதான். வெறுங்காணி என்றால் சிக்கல் இல்லை, ஏனென்றால் விதி பேசுவது வீட்டைப் பற்றி. ஆனால் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, வீடு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், பல ஆண்டுகளின் பின் கூரையில்லாத சுவர்களைக் கண்டவருக்கு என்ன பதில்? அவர் ஒரு காலத்தில் வீட்டுக்காரர். விதியின் வாசகங்களில் போர் என்ற சொல்லே இல்லை.

நியாயமும் மாற்றமும்

இந்த விதிக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. பொதுப்பணத்தில் தரப்படும் சலுகை, வெளிநாட்டில் பல வீடுகள் வைத்திருக்கும் செல்வந்தருக்குப் போகக்கூடாது. கொழும்பில் இரண்டு அடுக்குமாடி வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவரும், கோண்டாவில் சீதன வீட்டுக்காரியும் ஒன்றல்ல என்பதே என் வாதம். ஒன்ராறியோவின் விதி இருவரையும் ஒரே கூடையில் போடுகிறது. மத்திய அரசின் விதியும் குறையற்றதல்ல. தான் வசிக்காத வீடுகளை வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பவர் அதில் தப்பிவிடலாம். இருந்தாலும், ‘உனக்கு இப்போது குடியிருக்க வீடு இருக்கிறதா’ என்ற கேள்விக்கு அது நெருக்கமாக நிற்கிறது. ஒன்ராறியோ கேட்பது, ‘உன் பெயர் எப்போதாவது ஓர் உறுதியில் இருந்ததா’ என்று. அகதிகளாகவும் குடியேறிகளாகவும் மக்கள் வந்து சேரும் ஒரு மாகாணத்துக்கு முதலாவது கேள்வியே பொருத்தமானது. ஒன்ராறியோ சட்டமன்றத்தில் தமிழ்ப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். தமிழர் வாக்குகளை நம்பும் தொகுதிகளும் இருக்கின்றன. தைப்பொங்கல் மேடைகளில் வாழ்த்துச் சொல்பவர்களிடம் இதையும் கேட்கலாம்.

விதி மாறும்வரை நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில. ஒன்ராறியோவின் விதி பார்ப்பது வீடு வாங்கும் நாள் வரையான காலத்தை. கனடாவில் இன்னும் வீடு வாங்காத பிள்ளையின் பெயருக்கு ‘கண்ணை மூடுவதற்கு முன்’ வீட்டை எழுதிவிட வேண்டும் என்று அவசரப்படும் பெற்றோர், முதலில் பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசுவது நல்லது. உயில் மூலம் கொடுப்பதா, நன்கொடை உறுதியா, எப்போது என்பதெல்லாம் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் கேட்டு எடுக்க வேண்டிய முடிவுகள். கனடாவிலும், வங்கிக் கடன் எடுக்க வசதியாக உறவினரின் வீட்டு உரிமைப் பத்திரத்தில் ‘பெயர் கொடுக்கும்’ இளையவர்கள், தம்முடைய முதல் வீட்டுச் சலுகையையும் சேர்த்தே கொடுக்கிறார்கள் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

ஊர் வீட்டைச் சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம் எழலாம். கொடுக்கப்படுவது சட்டபூர்வமான உறுதிமொழி. மாகாண நிதி அமைச்சு பின்னர் அதைக் கணக்காய்வு செய்யலாம், பொய்யென்று கண்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், தண்டமும் விதிக்கலாம். அதைவிட, ஊரில் தனக்கு ஒரு வீடு இருக்கிறது என்ற உண்மையை ஒரு பெண் மறைக்க வேண்டிய நிலையை ஏற்படுத்துகிற விதி, திருத்தப்பட வேண்டிய விதி.