பகடை உருட்டிய பாட்டு

1955 ஜூன் 15. அணுகுண்டுத் தாக்குதல் ஒத்திகைக்காக நியூயார்க்கில் சங்கு ஊதியது. எல்லோரும் பதுங்கிடத்துக்குப் போயாக வேண்டும் என்பது சட்டம். சிட்டி ஹால் பூங்காவை விட்டு நகர மறுத்த சிலரைப் போலீஸ் பிடித்துப் போனது. அவர்களில் ஒருவர் கவிஞர் ஜாக்சன் மக் லோ. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அவர் எபிரேய பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு, பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்கேற்பச் சொல் பொறுக்கிக் கவிதை செய்ய ஆரம்பித்திருந்தார். சில இடங்களில் சொல்லுக்குப் பதில் மௌனம் விழும். ஒரு சொல்லைச் சொல்லும் நேரம் வாசிப்பவர் வாயை மூடியிருக்க வேண்டும்.

பகடைக்குப் பிறகு அவர் கைக்கு வந்தது ஒரு விசித்திரமான புத்தகம். அதே 1955இல் ராண்ட் நிறுவனம் வெளியிட்ட, பத்து லட்சம் தற்செயல் இலக்கங்கள் அடங்கிய அட்டவணை. அமெரிக்க விமானப்படைக்கு அணு ஆயுத உத்தி வகுத்துக் கொடுத்த நிறுவனம் அது. அது அச்சிட்ட எண்களை வைத்துப் போர் மறுப்பாளர் ஒருவர் கவிதை எழுதினார். இந்த முரணை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.

இந்தக் கலைக்குப் போரோடு உறவு பழையது. 1916இல், முதல் உலகப் போரிலிருந்து ஒதுங்கி ஜூரிச்சுக்கு வந்திருந்த இளைஞர்கள் கபரே வோல்தேர் மேடையில் மூன்று மொழிகளில் ஒரே நேரத்தில் கத்தி ஒரு கவிதையை நிகழ்த்தினார்கள். அவர்களில் ஒருவரான திரிஸ்தான் சாரா 1920இல் ஒரு செய்முறை சொன்னார்: செய்தித்தாளை வெட்டு, துண்டுகளைப் பையில் போட்டுக் குலுக்கு, வருகிற வரிசையில் எழுது. போரைப் புகழ்ந்த பத்திரிகை மொழிமேல் இருந்த கோபம் அது. கோபமாக நியாயமானது, கவிதையாக ஒருமுறைக்கு மேல் தாங்காது என்பது என் எண்ணம்.

தற்செயலை நாமும் அறிவோம். பிள்ளை வரம் வேண்டிய அச்சுத களப்பாளர் தேவார ஏட்டில் கயிறு சாத்தி, அது தொட்ட பக்கத்தைப் பார்க்க, சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. பிறகு அவருக்குச் சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டார் பிறந்தார் என்பது சைவ மரபு. அங்கே கயிறு தொட்ட பாடல் ஓர் உத்தரவு. சீனத்தின் ஐ சிங்கும் குறி கேட்கும் நூல்தான். ஆனால் 1951இல் அதைக் கொண்டு இசையமைத்த ஜான் கேஜ் காசைச் சுண்டினார், பலன் கேட்கவில்லை. தன் விருப்பு வெறுப்பு ஒதுங்கினால் போதும் என்றிருந்தார். மக் லோவும் அந்த வழிக்காரர்தான்.

1963இலிருந்து மக் லோ இன்னொரு முறையைக் கையாண்டார். ‘மழை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கையில் உள்ள பக்கத்தை வரிசையாகப் படித்து, ‘ம’ முதலெழுத்தாக வரும் முதல் சொல்லை எடுக்க வேண்டும்: அந்தப் பக்கம் ஒரு மின்தடைச் செய்தி என்றால் ‘மக்கள்’ கிடைக்கலாம். அங்கிருந்து மேலே படித்து, ‘ழை’ இரண்டாம் எழுத்தாக வரும் சொல்: ‘ஏழை’ அல்லது ‘வாழை’. எது முதலில் வருகிறதோ அது. பிடித்ததை எடுக்க உரிமையில்லை. இதில் தற்செயலே இல்லை என்று பின்னாளில் அவரே தெளிவாகச் சொன்னார்: அதே சொல், அதே பக்கம் என்றால் யார் செய்தாலும் ஒரே விடைதான். ஆனால் என்ன வரும் என்று செய்பவருக்கு முன்கூட்டித் தெரியாது.

விமர்சகர்கள் இதை எந்திர வேலை என்றார்கள். தாளில் மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். மேடையில் கதை வேறு. பலர் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். எப்போது பேசுவது, எவ்வளவு உரக்க, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் பெரும்பாலும் வாசிப்பவரே அந்த நொடியில் முடிவு செய்ய வேண்டும். மக் லோ விடாமல் வற்புறுத்தியது ஒன்றைத்தான்: மற்றவர்களைக் கவனித்துக் கேளுங்கள். அவர் அரசு வேண்டாம் என்ற அனார்க்கிஸ்ட். நடத்துநர் இல்லாத இந்தக் குழு, தலைவன் இல்லாத சமூகத்தின் சிறு மாதிரி அவருக்கு. சொல்லைத் தேர்வது எண்ணின் பொறுப்பு, பக்கத்திலிருப்பவருக்கு இடம் விடுவது மனிதரின் பொறுப்பு என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். பூங்காவில் கைதானவரும் இந்த மேடையை அமைத்தவரும் வேறு வேறு ஆள் இல்லை.